பழியைச் சிரிப்பின் மேல் போடுகிறவர்கள்

தாய்லாந்தில் வந்து தங்கிவிட்ட வெளிநாட்டுக்காரர்களிடையே ஒரு வேதம் புழங்குகிறது. யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் பட்டாயாவின் மதுக்கடைகளிலும், பாங்காக் சுகும்வித் சாலை அடுக்ககங்களின் நீச்சல் குளக்கரையிலும், சீலோம் பக்கத்து இந்தியச் சாப்பாட்டுக் கடைகளிலும் அதே வாக்கியங்கள் காதில் விழும். "இவங்களுக்கு வேலை தெரியாது, சிரிக்கத்தான் தெரியும்." "எதைக் கேட்டாலும் மை பென் ராய், பரவாயில்லைன்னு கையை விரிச்சிடுவாங்க." "தெரியாததைத் தெரியாதுன்னு சொன்னா கௌரவம் போயிடுமாம்." "நம்ம பணம் வேணும், நாம வேண்டாம்." இமிக்ரேஷன் வரிசை, வங்கிக் கணக்குத் திறப்பதில் இழுபறி, உள்ளூர்க்காரருக்கு ஒன்றும் வெளியூர்க்காரருக்கு ஒன்றுமாக நுழைவுச் சீட்டு, ஜெராக்ஸ் மேல் ஜெராக்ஸ், வீடு கட்டினாலும் மனை சொந்தமாகாத கொடுமை என்று எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான்: தாய்லாந்துக்காரரின் குணம்.

இந்த வேதத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. எரிச்சல்கள் கற்பனை என்று சொல்ல வரவில்லை. அவை நிஜம், சில நாள் அழுகை வருமளவுக்கு நிஜம். ஆனால் பாவம் ஓரிடம், பழி ஓரிடமாகப் போகிறது. வெளிநாட்டவரை அலைக்கழிப்பது அவர் கையிலிருக்கும் தாள். ஆயுள் முழுக்க இருக்கப்போகிறவர் ஓராண்டு அனுமதியில் இருக்கிறார். ஓராண்டு அனுமதியில் இருப்பவரை அந்த அரசு வந்துபோகிறவர் கணக்கில்தான் வைத்திருக்கிறது. இன்னும் இருக்கிறீர்களா, எங்கே இருக்கிறீர்கள் என்று அவ்வப்போது கேட்டுக்கொண்டே இருக்கிறது. வேதம் ஓதுகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கிற சட்டத்தைப் படிப்பதில்லை. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முகத்தைப் படிக்கிறார்கள்.

எல்லோரும் முதலில் சொல்லும் குறை தொண்ணூறு நாள் அறிக்கை. தாய்லாந்தின் குடியேற்றச் சட்டம் 1979இல் வந்தது. அதன் 37ஆம் பிரிவுப்படி, தற்காலிக அனுமதியில் 90 நாளுக்கு மேல் தங்குகிறவர் தன் முகவரியை அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு 90 நாளுக்கும் மறுபடியும். டி.எம். 47 என்று ஒரு படிவம். தவறினால் 2,000 பாத் அபராதம். பாங்காக்கில் இருப்பவர் என்றால் செங் வத்தனா அரசு வளாகம் வரை போய் டோக்கன் எடுத்து உட்கார வேண்டும். தபாலிலும் இணையத்திலும் செய்யலாம், இணையம் ஒத்துழைக்கிற நாளில். வீடு மாறவில்லை, வேலை மாறவில்லை, இருபது வருடமாக அதே தெரு. ஆனாலும் காலாண்டுக்கு ஒருமுறை போய் "அதே தெருதான்" என்று சொல்ல வேண்டும். அர்த்தமில்லாத சடங்கு என்று யாராவது சொன்னால் தலையாட்டுவேன்.

ஆனால் வேதக்காரர்கள் அதோடு நிறுத்துவதில்லை. 'இவர்களுக்கு அந்நியர் என்றாலே சந்தேகம், அது இவர்கள் ரத்தத்தில் இருக்கிறது' என்பதுதான் அடுத்த வாக்கியம். 1979 எப்படிப்பட்ட வருடம் என்று யோசிப்பதில்லை. அந்த ஆண்டு ஜனவரியில் வியட்நாம் படை ப்னோம்பென்னைப் பிடித்தது. லாவோஸும் வியட்நாமும் கம்போடியாவும் சில ஆண்டுகளுக்குள் அடுத்தடுத்துக் கைமாறியிருந்தன. எல்லை தாண்டி அகதிகள் வந்துகொண்டிருந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் காவ் இ தாங் முகாம் திறக்கப்பட்டது. தாய்லாந்தில் ஆண்டது ராணுவத் தளபதி கிரியாங்சக்கின் அரசு. உள்நாட்டிலேயே கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு சண்டை நடந்துகொண்டிருந்தது. அப்படியொரு அரசு அப்படியொரு வருடத்தில் எழுதிய சட்டம், நாட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு அந்நியரும் எங்கே படுத்து உறங்குகிறார் என்று தெரிந்துகொள்ள விரும்பியதில் ஆச்சரியம் என்ன? ஓய்வூதியத்தை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு வரப்போகும் மான்செஸ்டர்க்காரர் அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் கண்ணிலேயே பட்டிருக்க மாட்டார்.

சரி, ரத்தத்தில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அமெரிக்கர் ரத்தத்தில் என்ன இருக்கிறது? அங்கே குடியுரிமை இல்லாதவர் வீடு மாறினால் 10 நாளுக்குள் ஏ.ஆர்.-11 என்ற படிவத்தில் அரசுக்குச் சொல்ல வேண்டும். பச்சை அட்டை வைத்திருப்பவருக்கும் அந்த விதி உண்டு. இங்கிலாந்தில் வீட்டை வாடகைக்கு விடும் உரிமையாளர், குடிவருபவருக்கு நாட்டில் இருக்க உரிமை உண்டா என்று ஆவணங்களைச் சோதிக்க வேண்டும். தவறினால் அவருக்கு ஆயிரக்கணக்கான பவுண்டு அபராதம். ஜெர்மனியில் புது வீட்டுக்குப் போனால் இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிய வேண்டும், சொந்தக் குடிமக்களும் சேர்த்துத்தான். பட்டாயாவில் டி.எம். 30 படிவத்தைத் திட்டிக்கொண்டிருக்கும் ஆங்கிலேயர், சொந்த ஊரில் தன் மாடிப் பகுதியை நைஜீரிய மாணவருக்கு வாடகைக்கு விட்டால் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று எண்ணிப்பார்த்ததுண்டா?

அந்த டி.எம். 30 பற்றிச் சொல்ல வேண்டும். வெளிநாட்டவர் ஒருவர் தங்கினால், வீட்டுக்காரரோ ஓட்டல்காரரோ 24 மணி நேரத்துக்குள் போலீசுக்கோ இமிக்ரேஷனுக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 38ஆம் பிரிவு. இது எவ்வளவு கேவலமான கண்காணிப்பு, எந்த நாகரிக நாட்டில் உண்டு என்று பாங்காக் தமிழர்கள் சிலரும் கூடச் சேர்ந்து கேட்கிறார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. சென்னையில் ஒரு விடுதி வெளிநாட்டவரை ஏற்றுக்கொண்டால் 24 மணி நேரத்துக்குள் படிவம் போட வேண்டும். வீட்டில் விருந்தாளியாகத் தங்கவைத்தாலும் அதே விதி. 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வருகிறவர் வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டும். அந்த அலுவலகத்தின் படிகளில் அலைந்த ஒரு ஜெர்மன்காரரோ கொரியாக்காரரோ "இந்தியர்களுக்கு அந்நியர் என்றாலே ஆகாது, அது அவர்கள் கலாச்சாரம்" என்று ஊர் முழுக்கச் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? வந்தாரை வாழவைக்கும் ஊர் என்று நாம் பதிலுக்கு மார்தட்டுவோம். அவருக்குத் தேவை வாழ்த்துரை இல்லை. அவருடைய கோப்பு மேசையிலிருந்து நகர வேண்டும்.

இதைவிடப் பலமான சாட்சி ஒன்று உண்டு. தொண்ணூறு நாள் அறிக்கை தாய்லாந்துக்காரரின் குணத்திலிருந்து வருவதாக இருந்தால், பணத்தைக் காட்டினால் அந்தக் குணம் மாறக் கூடாது. மாறுகிறது. 2022இல் பத்தாண்டு விசா ஒன்று வந்தது, வசதியானவர்களுக்கும் உயர்நிலை வல்லுநர்களுக்கும். அதை வைத்திருப்பவர் 90 நாளுக்கு ஒருமுறை தெரிவிக்க வேண்டியதில்லை. வருடத்துக்கு ஒருமுறை போதும். விமான நிலையத்தில் தனி வரிசை. இன்னொரு பக்கம் 'பிரிவிலேஜ்' அட்டை: அதன் விலை பல லட்சம் பாத். அதை வாங்கினால் உங்கள் சார்பில் அலுவல்களைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. அதே நாடு, அதே சிரிப்பு, அதே அதிகாரிகள். சந்தேகம் எங்கே போனது? இரத்தத்தில் ஓடுகிற சங்கதியை ஒரு அமைச்சரவைத் தீர்மானம் கரைத்துவிடுமா? வரிசையில் நிற்கவைப்பது அரசு எடுத்த முடிவு, யாரை நிற்கவைக்காமல் விடுவது என்பதும் அது எடுத்த முடிவு. இதில் கோபப்படுவதற்கு நியாயம் நிறைய இருக்கிறது. அந்தக் கோபத்தை மை பென் ராய் மேல் காட்டுவதில் ஒரு நியாயமும் இல்லை.

சிரிப்பைப் பற்றியும் பேசிவிடுவோம், வேதத்தின் மூல மந்திரம் அது. "முடியாதுன்னு சொல்லிட்டுச் சிரிக்கிறா பாருங்க." விதியை மாற்ற அந்தப் பெண்ணால் முடியாது. படிவத்தை எழுதியவர் அவர் இல்லை. இந்த அலுவலகத்தில் கேட்ட தாளை அந்த அலுவலகத்தில் கேட்காததற்கும் அவர் பொறுப்பில்லை. எதிரே வியர்த்து விறுவிறுத்து, குரலை உயர்த்தி, அவருக்குத் தெரியாத மொழியில் ஒருவர் கத்திக்கொண்டிருக்கிறார். அவர் வேறு என்ன செய்ய வேண்டும்? நம்மூர் கவுன்ட்டர்களில் இதே சூழ்நிலையில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாதா? "சாப்பாட்டு நேரம், நாளைக்கு வாங்க" என்று ஜன்னலைச் சாத்துவதைவிடச் சிரிப்பது மோசமா? எனக்குச் சிரிப்பே போதும்.

ஜெராக்ஸ் விஷயத்திலும் வேதக்காரர்களுக்கு ஒரு பார்வைக் கோளாறு. தாள் கேட்பது தங்களை மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். தாய்லாந்துக் குடிமகனைக் கேட்டுப்பாருங்கள். அவர் பெயர் ஏதாவதொரு வீட்டின் நீல உறைப் பதிவேட்டில் இருக்க வேண்டும். வீடு மாறினால் 15 நாளுக்குள் பதிவையும் மாற்ற வேண்டும். அடையாள அட்டை நகல், வீட்டுப் பதிவேட்டு நகல், இரண்டிலும் 'உண்மை நகல்' என்று எழுதிக் கையெழுத்து: இதைப் போடாமல் அந்த நாட்டில் யாரும் பெரியவரானதில்லை. வடகிழக்கே இசான் பகுதியிலிருந்து வந்து பாங்காக்கில் டாக்சி ஓட்டுகிறவர், கட்டடத்தில் கம்பி கட்டுகிறவர், வீட்டு வேலை செய்கிறவர் எனப் பல லட்சம் பேரின் பதிவு இன்னமும் ஊரில்தான். தேர்தல் என்றால் பஸ் ஏறுகிறார்கள். 30 பாத் மருத்துவத் திட்டத்தின் அட்டைகூட அவர்களை நெடுங்காலம் பதிவு செய்த இடத்து மருத்துவமனையோடு கட்டிப்போட்டிருந்தது. தன் சொந்த மக்களையே முகவரியில் முளையடித்துக் கட்டும் அரசு அது. வெளிநாட்டவருக்கு மஞ்சள் உறைப் பதிவேடு ஒன்று தனியாக வைத்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நிலத்துக்கு வருவோம். வேதத்தின் சோக அத்தியாயம் இது. காதலித்தார், கட்டினார், மனைவி பெயரில் மனை, தன் பணத்தில் வீடு, பிறகு பிரிந்தார்கள், இரண்டு சூட்கேசோடு வெளியே வந்தார். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். 1954இன் நிலச் சட்டம் வெளிநாட்டவரை நிலம் வாங்க விடுவதில்லை. மிகச் சில விதிவிலக்குகள்தான். அடுக்ககம் வாங்கலாம், ஆனால் ஒரு கட்டடத்தின் விற்பனைப் பரப்பில் 49 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டவர் கையில் இருக்கக் கூடாது. குத்தகை 30 வருடம். இதெல்லாம் எந்த வழக்கறிஞரைக் கேட்டாலும் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். தெரிந்தே செய்துவிட்டு, பிறகு 'இந்த நாட்டுப் பெண்களே இப்படித்தான்' என்று முடிப்பதைக் கேட்கும்போது அந்தப் பெண்ணுக்கும் சொல்ல ஒரு கதை இருக்குமே என்று தோன்றும். அவர் கதையை அந்த மதுக்கடையில் யாரும் கேட்டதில்லை.

அந்த நிலச் சட்டத்துக்கு ஒரு முன்கதை உண்டு, அதில் தமிழர்களுக்கும் சிறு பங்கு. 1855 ஏப்ரலில் ஹாங்காங் கவர்னர் ஜான் பௌரிங் பாங்காக் வந்து மன்னர் மோங்குட்டின் அரசோடு ஓர் ஒப்பந்தம் போட்டார். பிரிட்டிஷ் பிரஜைகள் சயாமில், அதாவது அன்றைய தாய்லாந்தில், வணிகம் செய்யலாம், தலைநகரைச் சுற்றிய வட்டாரத்தில் நிபந்தனைகளோடு நிலம் வாங்கலாம், எல்லாவற்றுக்கும் மேலாக, சயாம் நீதிமன்றம் அவர்களை விசாரிக்க முடியாது. பிரிட்டிஷ் தூதர்தான் விசாரிப்பார். மற்ற வல்லரசுகளும் அதே சலுகையைக் கேட்டு வாங்கின. பிரிட்டிஷ் பிரஜை என்றால் வெள்ளைக்காரர் மட்டுமில்லை. சென்னை மாகாணத்திலிருந்து போன ரத்தின வியாபாரியும், மாடு வளர்த்துப் பால் விற்றவரும், சீலோமில் மாரியம்மன் கோவில் எழுப்பிய சமூகத்தாரும் அந்தக் கணக்கில் வந்தவர்கள்தான். உள்ளூர்ச் சட்டத்துக்கு அப்பால் நிற்கும் தாள் அவர்கள் கையிலும் இருந்தது. அந்தச் சலுகைகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பெற்று முடிக்க சயாமுக்கு 1930களின் கடைசி வரை ஆனது. கிழக்கே பிரெஞ்சுக்காரர், மேற்கிலும் தெற்கிலும் ஆங்கிலேயர். சுற்றியிருந்த நாடுகள் எல்லாம் போய், தான் மட்டும் தப்பி நின்ற ஒரு நாடு, நிலத்தை அந்நியர் கையில் விடமாட்டேன் என்று சட்டம் எழுதியதைக் குறுகிய புத்தி என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இந்தியாவில் மட்டும் என்ன வாழ்கிறது? இந்திய வம்சாவளி அல்லாத, இங்கே குடியிராத வெளிநாட்டவர் ரிசர்வ் வங்கியின் அனுமதியில்லாமல் ஒரு சென்ட் மனை வாங்க முடியாது.

இந்தக் கதைக்கு அழுக்கான பக்கமும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. தாய்லாந்தின் முதல் குடியேற்றச் சட்டம் 1927இல் வந்தபோது அதன் கண் சீனர்கள் மேல் இருந்தது. 1942இல் பிபூன் சொங்க்ராம் அரசு பல தொழில்களைத் தன் குடிமக்களுக்கு மட்டும் என்று ஒதுக்கியபோதும் அடி வாங்கியவர்கள் சீனர்களே. வெளிநாட்டவருக்கு விலக்கிய தொழில்களின் பட்டியல் இன்றும் இருக்கிறது; முடிவெட்டுவதும் சுற்றுலா வழிகாட்டுவதும் அதில் அடக்கம். இது தேசியவாதம், சில காலம் நச்சுத் தேசியவாதம். இதையும் அரசியல் என்றுதான் சொல்ல முடியும். இந்தச் சட்டங்களை எழுதிய ஆட்சிகளில் பலவற்றை அந்நாட்டு மக்கள் தேர்ந்தெடுக்கவே இல்லை.

இரட்டை விலை. இதில் நான் வேதக்காரர்கள் பக்கம் பாதி வழி வருவேன். காவ் யாய் தேசியப் பூங்காவில் உள்ளூர்க்காரருக்கு 40 பாத், வெளிநாட்டவருக்கு 400. பாங்காக் அரண்மனையில் அவர்களுக்கு இலவசம், நமக்கு 500. பத்து வருடமாக அங்கே வருமான வரி கட்டுகிறவரிடமும் 400 கேட்பது நியாயமில்லை. அதைவிட, பல இடங்களில் உள்ளூர் விலையைத் தாய்லாந்து எண்களில் எழுதி வைப்பார்கள். அந்த எழுத்துத் தெரியாதவருக்கு விலையில் வித்தியாசம் இருப்பதே தெரியாது. வித்தியாசம் வைப்பது ஒரு கொள்கை என்றால் அதை வெளிப்படையாக எழுதும் தைரியம் வேண்டும். இதைச் சொல்லிவிட்டு, தமிழர்களுக்கு ஒரு தகவல். மாமல்லபுரத்தில் தொல்லியல் துறைச் சீட்டு இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. நாமும் அதே வியாபாரம்தான் செய்கிறோம். ஆனால் அந்த 40 ரூபாய் வரிசையில் பிம்ஸ்டெக் கூட்டமைப்பு நாட்டவரும் நிற்கலாம். தாய்லாந்து அதில் ஒன்று. ஆக, பாங்காக்கிலிருந்து வருகிறவர் பல்லவர் கோவிலை நம் விலையில் பார்க்கிறார், நாம் அங்கே போய் 500 பாத் கொடுக்கிறோம். குறைப்படுவதாக இருந்தால் இதற்குக் குறைப்படலாம், இதை வெளியுறவுத் துறையிடம் கேட்கவும் செய்யலாம். 'அவங்க புத்தியே அப்படி' என்று சொல்லிவிட்டால் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, அந்த வசதிக்காகத்தான் வேதம் இவ்வளவு பிரபலம்.

இப்போது, இந்த வேதத்தை ஓதுகிறவர் யார் என்று பார்க்க வேண்டும். தாய்லாந்து இமிக்ரேஷன் விதிகளில் சம்பளப் பட்டியல் ஒன்று இருக்கிறது. வேலைக்காக வந்தவரின் தங்கும் அனுமதியை நீட்டிக்க அவருக்குக் குறைந்தது எவ்வளவு மாதச் சம்பளம் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது, பாஸ்போர்ட்டைப் பார்த்து. மேற்கு ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா என்றால் 50,000 பாத். சிங்கப்பூர், தென்கொரியா என்றால் 45,000. இந்தியர் 35,000. மியான்மர், கம்போடியா, லாவோஸ், வியட்நாம் என்றால் 25,000. ஒரே நாற்காலி, ஒரே வேலை, நான்கு விலை. ஐம்பதாயிரத்துக்காரர் இந்தப் பட்டியலைப் பற்றி முணுமுணுத்து நான் கேட்டதே இல்லை. மதியம் இரண்டு மணிக்கு மேல் ஐந்து மணி வரை கடையில் பியர் விற்கக் கூடாது என்றிருந்த 1972ஆம் ஆண்டு உத்தரவைப் பற்றி மணிக்கணக்கில் பேசக் கேட்டிருக்கிறேன்.

அந்த 25,000கூடப் பூர்த்தியாகாத லட்சக்கணக்கான பேர் வேறு பாதையில் வருகிறார்கள். தாய்லாந்தில் இருக்கும் வெளிநாட்டவரில் பெரும்பான்மையினர் அவர்கள்தான். பாங்காக்கிலிருந்து தென்மேற்கே ஒரு மணி நேரத்தில் மஹாச்சாய். இறால் உரிப்பவர்கள், மீன் தரம் பிரிப்பவர்கள், ஐஸ் சுமப்பவர்கள் மியான்மரிலிருந்து வந்தவர்கள். அவர்களும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும், முகவரி தெரிவிக்க வேண்டும். தரகருக்குக் கூலியிலிருந்து கொடுத்துத்தான் அதெல்லாம் நடக்கும். 2006, 2007 வாக்கில் புக்கெட் உள்ளிட்ட சில மாகாணங்கள் இந்தத் தொழிலாளர்கள் கைப்பேசி வைத்துக்கொள்வதற்கும், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதற்கும், இரவில் நடமாடுவதற்கும் கட்டுப்பாடு போட்டன. 2017 ஜூனில் ராணுவ அரசு ஒரு அவசரச் சட்டம் கொண்டுவந்து, அனுமதியில்லாத ஆளை வேலைக்கு வைத்தால் முதலாளிக்கு 4 லட்சம் முதல் 8 லட்சம் பாத் வரை அபராதம் என்றது. பயத்தில் பல்லாயிரம் பேர் மூட்டை முடிச்சோடு எல்லைக்கு ஓடினார்கள். 2020 டிசம்பரில் மஹாச்சாய் இறால் சந்தையில் கொரோனா பரவியபோது சந்தையையும் அதையொட்டிய தொழிலாளர் குடியிருப்பையும் முள்கம்பி போட்டு அடைத்தார்கள். செங் வத்தனாவில் ஏசி போதவில்லை என்று கடிதம் எழுதுகிறவர் இந்தக் கம்பியை மறந்துவிட்டு 'வெளிநாட்டவர் படும் பாடு' என்று தலைப்புப் போடுவது எனக்கு ஒப்பவில்லை.

மஹாச்சாய்க்காரர் துன்பம் பெரிது, அதனால் என் எரிச்சல் எரிச்சலில்லை என்று ஆகிவிடுமா என்று கேட்கலாம். ஆகாது. நான் சொல்வது வேறு. இரண்டும் ஒரே சட்டத்தின் இரண்டு முனைகள். 'தாய்லாந்துக் குணம்' என்ற விளக்கத்தில் மஹாச்சாய்க்காரருக்கு இடமே இல்லை. அவரிடம் யாரும் சுற்றுலாச் சிரிப்புச் சிரிப்பதில்லை, அவர் முன்னால் யாரும் கௌரவம் பார்ப்பதில்லை. தாளை வைத்துப் பார்த்தால்தான் மான்செஸ்டர்க்காரரும் மதுரைக்காரரும் மியான்மர்க்காரரும் ஒரே படத்தில் வருகிறார்கள்.

ஏஜென்ட் விவகாரத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஓய்வுக்கால நீட்டிப்பு வேண்டுமானால் 50 வயது ஆகியிருக்க வேண்டும், வங்கியில் 8 லட்சம் பாத் இருக்க வேண்டும், அல்லது மாதம் 65,000 வருமானம். அந்த 8 லட்சம் இல்லாதவருக்கு ஒரு கட்டணத்தில் 'ஏற்பாடு' செய்து தருகிற ஏஜென்ட் உண்டு என்பது ஊரறிந்த ரகசியம். காலையில் ஏஜென்ட்டிடம் உறையைக் கொடுத்துவிட்டு, மாலையில் இந்த நாடே ஊழல் என்று கண்ணாடிக் கோப்பையை மேசையில் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். லஞ்சத்தில் வாங்குபவரின் நாட்டை மட்டும் பார்ப்பது விசித்திரமான நீதி. ஏஜென்ட் தொழில் தழைப்பதற்கு உண்மையான காரணம், ஒரே விதியை ஒவ்வொரு மாகாண அலுவலகமும் ஒவ்வொரு விதமாகப் படிப்பது. அதிகாரியின் விருப்பத்துக்கு இவ்வளவு இடம் விட்ட சட்டம் எங்கே இருந்தாலும் வாசலில் தரகர் நிற்பார். நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலக வாசலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

வேதத்தின் குறைகளில் புகை ஒன்றுதான் மீதி. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வடக்கே ச்சியங்மாயில் மூச்சுவிடுவது தண்டனை. உலகிலேயே அன்றைக்கு மிக மோசமான காற்று என்ற பெயரை அந்த ஊர் பல மார்ச் மாதங்களில் வாங்கியிருக்கிறது. 'இவர்களுக்கு அக்கறையே இல்லை' என்பது வேத வாக்கு. மலைச்சரிவில் மக்காச்சோளத் தட்டையை எரிக்கிறவர் தீவனக் கம்பெனிக்கு விளைவித்துக் கொடுக்கும் கடன்பட்ட விவசாயி. புகையில் ஒரு பகுதி எல்லை தாண்டி மியான்மரிலிருந்தும் வருகிறது. அக்கறை இல்லாத அந்த ஊர் மக்கள்தான் 2023 ஏப்ரலில் பிரதமர் மேலேயே நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 2024 ஜனவரியில் நீதிமன்றம் அரசுக்கு 90 நாள் கெடு வைத்து அவசரத் திட்டம் கேட்டது.

இவ்வளவும் சொன்னதால் 'பிடிக்கலைன்னா உன் ஊருக்குப் போ' என்கிற கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிட வேண்டாம். அந்தப் பதில் வேதத்தின் மறுபக்கம்தான். அதுவும் சட்டத்தைக் கேள்வி கேட்காமல் ஆளைக் கேள்வி கேட்கிறது. வரி கட்டி, பிள்ளை பெற்று, முப்பது வருடம் இருந்தவரை நோக்கிப் போ என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. நிரந்தரக் குடியிருப்புக்கு ஒரு வாசல் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு நாட்டவருக்கு 100 இடம், மூன்று வருடம் தொடர்ந்த விசா, தாய்லாந்து மொழியில் நேர்காணல், கிடைத்தால் கட்டணம் 1,91,400 பாத். குறுகலான வாசல், அதை அகலமாக்கச் சொல்லிப் போராடலாம். ஆனால் அந்த நேர்காணல் என்றதும் பின்வாங்குகிறவர்களில் நம் ஆட்களும் நிறைய. பதினைந்து வருடம் இருந்தும் சைவச் சாப்பாடு கேட்க ஒரு சொல், டாக்சிக்கு வழி சொல்ல நான்கு சொல், அதற்கு மேல் தெரியாது. உள்ளூர்க்காரருக்கு ஆங்கிலம் வரவில்லை என்ற குறையை மட்டும் சரளமாகச் சொல்வார்கள்.

எங்கே குறை சொன்னால் வேலை நடக்கும் என்பதற்குப் பக்கத்திலேயே ஒரு நடப்பு இருக்கிறது. 2019இல் அதுவரை தூங்கிக்கொண்டிருந்த டி.எம். 30 விதியை இமிக்ரேஷன் திடீரென்று இறுக்கியது. பக்கத்து மாகாணத்துக்கு இரண்டு நாள் போய்த் திரும்பினாலும் மறுபடி படிவம் வேண்டும் என்றார்கள். இல்லையென்றால் அடுத்த நீட்டிப்பின்போது அபராதம். எரிச்சலடைந்தவர்களில் ஒரு பகுதியினர் வழக்கம்போலக் குணத்தைத் திட்டினார்கள். இன்னொரு பகுதியினர் 38ஆம் பிரிவைப் படித்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள், வெளிநாட்டு வணிகச் சங்கங்கள் மூலம் பேசினார்கள், இது முதலீட்டுக்குக் கேடு என்று அரசுக்குப் புரியும் பாஷையில் சொன்னார்கள். 2020 ஜூன் 30 முதல் விதி தளர்ந்தது: ஏற்கெனவே பதிந்த அதே முகவரிக்குத் திரும்பி வருகிறவருக்கு மறுபடி படிவம் தேவையில்லை. பத்தாண்டு விசாக்காரருக்குக் கொடுத்த ஓராண்டு இடைவெளியை மற்றவர்களுக்கும், மஹாச்சாயில் இறால் உரிக்கிறவருக்கும் கொடு என்று கேட்கும் மனுவை இதே வழியில் நாளைக்கே எழுதலாம். அதில் கையெழுத்துப் போட, கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டிருக்கும் அந்தப் பெண்ணையும் கேட்கலாம். தினமும் அத்தனை டி.எம். 47 படிவங்களை வாங்கி முத்திரை குத்துகிறவர் அவர்தான், அவர் மாட்டேன் என்று சொல்வார் என்று எனக்குத் தோன்றவில்லை.